மண் ஃபிரிட்ஜ்

சித்திரை மாதம். உச்சி வெயில். வெளியே போனவர் வீட்டுக்குத் திரும்புகிறார். நாக்கு வறண்டு கிடக்கிறது. முதலில் கை எங்கே போகிறது? மண்பானைக்குத்தான். ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்ததும் நெஞ்சு குளிர்ந்துவிடுகிறது.

அதே வீட்டில் பித்தளைக் குடத்திலும் தண்ணீர் இருக்கிறது. பிளாஸ்டிக் குடத்திலும் இருக்கிறது. மூன்றும் ஒரே குழாயில் பிடித்த தண்ணீர். மூன்றும் ஒரே நிழலில் இருக்கின்றன. ஆனால் மண்பானைத் தண்ணீர் மட்டும் சில்லென்று இருக்கிறது.

இது ஏன் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குஜராத்தில் ஒரு குயவர் இதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் யோசித்தார். தண்ணீர் குளிரும் என்றால் காய்கறியும் குளிருமே, பாலும் குளிருமே என்று எண்ணினார். கடைசியில் களிமண்ணாலேயே ஒரு ஃபிரிட்ஜ் செய்துவிட்டார். அதற்கு மின்சாரம் வேண்டாம்.

அவர் பெயர் மன்சுக்பாய் பிரஜாபதி. பத்தாம் வகுப்பில் தேறாதவர். அவருடைய கதையையும், அந்தப் பெட்டி எப்படிக் குளிர்கிறது என்பதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மச்சு ஆற்றங்கரை

குஜராத் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குச் சௌராஷ்டிரா என்று பெயர். அங்கே மச்சு என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் வாங்கானேர், மோர்பி என்ற இரண்டு ஊர்கள் இருக்கின்றன. மழை குறைவு. கோடையில் காற்று நெருப்பாக அடிக்கும். அந்தப் பக்கம் ஓட்டுச் சூளைகளும் பீங்கான் தொழிற்சாலைகளும் நிறைய உண்டு.

பிரஜாபதி என்பது அங்கே குயவர் குடும்பங்களின் பெயர். மன்சுக்பாயின் குடும்பமும் மண் தொழில் செய்த குடும்பம்தான். விடியற்காலையில் அம்மா எழுந்து, தொலைவு நடந்து போய் மண் சுமந்து வருவதைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தார். உழைப்பு அதிகம். வருமானம் குறைவு.

1979 ஆகஸ்ட் 11. பெருமழை. மச்சு ஆற்றின் அணை உடைந்தது. மோர்பி நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் வெள்ளத்தில் மூழ்கின. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். மன்சுக்பாயின் குடும்பம் உயிர் பிழைத்தது. ஆனால் இருந்த பொருள்கள் எல்லாம் போய்விட்டன. அவர்கள் வாங்கானேருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கொஞ்ச காலம் டீ விற்றார். பிறகு 1985-ல் ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய கண் திறந்தது.

ஓடு அச்சில் தவா

கூரை ஓடு எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பிசைந்த களிமண்ணைப் பாளமாக வெட்டுவார்கள். அதை இரும்பு அச்சின்மேல் வைப்பார்கள். மேலே இன்னொரு அச்சு இருக்கும். பெரிய திருகுச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் மேல் அச்சு இறங்கி அழுத்தும். சக்கரத்தைத் திருப்பினால் ஓடு தயார். ஒன்றைப் போலவே அடுத்தது இருக்கும். கனமும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான்.

மன்சுக்பாய் அந்த வேலையைச் செய்தார். ஓடு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. தன் வீட்டுத் திரிகையும் கூடவே கண்ணில் பட்டது.

குஜராத்தில் கம்பு மாவில் ரொட்டி தட்டுவார்கள். அதற்கு ரோட்லா என்று பெயர். அதை மண் தவாவில் சுடுவது வழக்கம். தவா என்றால் தட்டையான, கொஞ்சம் குழிந்த மண்தட்டு. அடுப்பில் வைத்து வைத்து அது ஒருநாள் விரிந்துவிடும். மறுபடி புதிது வாங்க வேண்டும். ஆகவே தவாவுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ஆனால் குயவர் அதைக் கையால்தான் செய்ய வேண்டும். காலையிலிருந்து மாலை வரை இடுப்பு ஒடியச் செய்தாலும் சுமார் 100 தவாதான் தேறும்.

ஓடும் மண்தான். தவாவும் மண்தான். ஓட்டை அழுத்தும் யந்திரம் தவாவை ஏன் அழுத்தாது?

கேட்டால் சின்னக் கேள்விபோல இருக்கிறது. ஆனால் ஓட்டுத் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் எத்தனையோ ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. குயவர்கள் அதற்கும் முன்பிருந்தே இருந்தார்கள். இரண்டு வேலையையும் அருகில் நின்று பார்த்த ஒருவருக்குத்தான் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

1988-ல் அவர் வேலையை விட்டார். வட்டிக்குக் கடன் கொடுப்பவரிடம் 30,000 ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. குயவர் வீட்டுப் பிள்ளை, படிப்பில் தோற்றவர், இருந்த வேலையையும் விட்டுவிட்டு வட்டிக்குப் பணம் வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று எழுத வேண்டியதில்லை.

ஓடு அச்சைத் தவாவுக்கு ஏற்றபடி மாற்றினார். அது எளிதில் வந்துவிடவில்லை. மண் அச்சில் ஒட்டிக்கொண்டால் தவா கிழியும். ஈரம் அதிகமானால் காயும்போது கோணும். ஈரம் குறைந்தால் ஓரம் வெடிக்கும். ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். கடைசியில் ஒரு நாளைக்குச் சுமார் 700 தவா செய்யும் யந்திரம் கிடைத்தது. கையால் செய்வதைப்போல ஏழு மடங்கு.

பிறகு தண்ணீர் வடிகட்டி பக்கம் மனம் போனது. 1990-களின் நடுவில், மண்பானைக்குள் வடிகட்டும் பீங்கான் குழலைப் பொருத்தி விற்றார். தண்ணீர் சுத்தமாகவும் இருக்கும், குளிர்ந்தும் இருக்கும். சிலருக்கு ஒரு பொருள் கைவந்துவிட்டால் அதிலேயே ஆயுள் முடிந்துவிடும். இவருக்கு அப்படி இல்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது.

பூமி அதிர்ந்தது

2001 ஜனவரி 26. குடியரசு நாள். காலை நேரம். பள்ளிப் பிள்ளைகள் கொடியேற்றப் போயிருந்தார்கள். குஜராத்தில் கட்ச் பகுதியில் பூமி அதிர்ந்தது. புஜ், பச்சாவ், அஞ்சார் போன்ற ஊர்கள் தரைமட்டமாயின. பல்லாயிரம் பேர் இறந்தார்கள்.

வாங்கானேரும் ஆடியது. மண்பாண்டம் வைத்திருப்பவரின் பட்டறை பூகம்பத்தில் என்ன ஆகும்? அடுக்கி வைத்திருந்த பானைகளில் பெரும்பகுதி உடைந்து நொறுங்கின. மிஞ்சியவற்றை மன்சுக்பாய் கட்ச் பகுதியில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போது 'சந்தேஷ்' என்ற குஜராத்தி நாளிதழில் ஒரு படம் வந்தது. உடைந்து கிடந்த மண்பானையின் படம். ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்துவிட்டது என்ற பொருளில் படத்தின் கீழே எழுதியிருந்தார்கள்.

எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்து வருந்தியிருப்பார்கள். மன்சுக்பாயும் வருந்தினார். ஆனால் அந்த ஒரு சொல் அவர் மனத்தில் தங்கிவிட்டது. ஃபிரிட்ஜ். பானை ஏழையின் ஃபிரிட்ஜ் என்றால், அதை உண்மையான ஃபிரிட்ஜாகவே செய்தால் என்ன?

தண்ணீர் எப்படிக் குளிர்கிறது?

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துவோம். பானையைப் பார்ப்போம்.

மண்ணுக்கே குளிர்ச்சி உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரிதானா? காலிப் பானை ஒன்றை நிழலில் வையுங்கள். மறுநாள் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்காது. தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கம் ஈரம் படிந்த பிறகுதான் குளிர்ச்சி வருகிறது.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. பானைக்குள் இருக்கும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக மெதுவாகக் கசிந்து வெளியே வருகிறது. பானை வேர்ப்பதுபோல இருக்கும். அந்த ஈரம் காற்றில் ஆவியாகப் போகிறது.

தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அதற்குச் சூடு வேண்டும். அடுப்பில் வைத்தால் நெருப்பு சூட்டைக் கொடுக்கிறது. அடுப்பு இல்லாத இடத்தில் எங்கிருந்து எடுக்கும்? பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுக்கும். பானைச் சுவரிலிருந்து எடுக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுக்கும். சூடு வெளியே போகப் போக, உள்ளே இருப்பது குளிர்கிறது.

ஆவியாகும் தண்ணீர் கொஞ்சம்தானே, அது எவ்வளவு சூட்டை எடுத்துவிடும் என்று நினைக்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஓர் அளவு சூடு வேண்டும். அதே ஒரு லிட்டர் முழுவதும் ஆவியாகிப் போக அதைப்போலச் சுமார் 8 மடங்கு சூடு வேண்டும். அதனால்தான் கொஞ்சம் ஈரம் காய்ந்தாலே நிறையக் குளிர்கிறது.

இதை நீங்கள் வேறு இடங்களிலும் உணர்ந்திருப்பீர்கள். ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவார். தடவிய இடம் சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகிறது. அது உங்கள் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சுகமாக இருப்பதும் இதனால்தான்.

ஒரு வியப்பான செய்தி. கடையில் விற்கும் மின்சார ஃபிரிட்ஜும் இதே வித்தையைத்தான் செய்கிறது. அதன் குழாய்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. பெட்டிக்குள் வரும்போது அது ஆவியாகிறது. உள்ளே இருக்கும் பொருள்களின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. மோட்டார் அந்த ஆவியை அழுத்திப் பின்பக்கக் குழாய்களுக்கு அனுப்புகிறது. அங்கே அது சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடுவது அதனால்தான்.

அங்கே அதே திரவம் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. அப்படிச் சுற்றிவர மின்சாரம் வேண்டும். பானையில் ஆவி காற்றோடு போய்விடுகிறது. நாம் மறுபடி தண்ணீர் ஊற்றுகிறோம். வித்தை ஒன்றுதான். மோட்டாரின் வேலையை இங்கே காற்றும் நம் கையும் செய்கின்றன.

மண்ணோடு ஒரு போராட்டம்

மறுபடி வாங்கானேருக்குப் போவோம்.

மண்ணில் ஃபிரிட்ஜ் செய்வது பானை செய்வதுபோல இல்லை. பானை உருண்டை. உருண்டையான பொருள் சூளையில் பெரும்பாலும் கோணாது. ஃபிரிட்ஜ் என்றால் பெட்டி. தட்டையான சுவர்களும் மூலைகளும் இருக்கும். காயும்போது மண் சுருங்கும். சுருங்கும்போது மூலைகளில் விரிசல் விடும். சூளையில் வைத்தால் சுவர் வளையும்.

அடுத்தது துளைகள். மண் மிகவும் நைசாக இருந்தால் தண்ணீர் கசியாது. கசியாவிட்டால் குளிராது. மண் மிகவும் கரடாக இருந்தால் தண்ணீர் ஒழுகிவிடும். காய்கறி நனைந்து அழுகும். சூளையில் சூடு அதிகமானால் துளைகள் அடைபட்டுப் போகும். சூடு குறைந்தால் சுவர் ஊறிக் கரையும். எல்லாம் ஒரு அளவில் நிற்க வேண்டும். அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. செய்து, உடைத்து, மறுபடி செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு மண் கலவை. ஒரு பெட்டி. ஒரு சூளை. திறந்து பார்த்தால் விரிசல். கலவையை மாற்ற வேண்டும். மறுபடி காய வைக்க வேண்டும். மறுபடி சூளை. ஒவ்வொரு தடவையும் விறகுக்குக் காசு, ஆளுக்குக் கூலி. பூகம்பத்தில் ஏற்கெனவே நஷ்டப்பட்டவர் அவர். சேமிப்பு கரைந்தது. கடன் ஏறியது. வீட்டில் மனைவி மக்கள் இருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த தவாத் தொழிலின் பணம் ஓடாத பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் அவரைப் பாராட்டுவது எளிது. பெட்டி கடைசியில் வெற்றி பெற்றது என்று நமக்குத் தெரியும். அவருக்கு அன்று அது தெரியாது. இப்படி முயன்று தோற்றுக் கடனோடு நின்றுபோனவர்களும் நாட்டில் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் பாடம் எழுதுவதில்லை.

நல்லவேளையாக அவருக்குத் துணை ஒன்று கிடைத்தது. அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் என்ற பெரிய கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்தவர் அனில் குப்தா. விவசாயிகளும் கைவினைஞர்களும் தாங்களாகவே கண்டுபிடித்த உத்திகளை அவர் ஊர் ஊராக நடந்து தேடினார். நண்பர்களோடு சேர்ந்து அவற்றை எழுதி வைத்தார். அந்த முயற்சிக்குத் தேனீயின் பெயரை வைத்தார்கள். தேனீ பூவிலிருந்து தேன் எடுக்கும். அதனால் பூவுக்கு நஷ்டம் இல்லை. அதுபோல, ஏழைகளின் அறிவை எடுத்துக்கொள்பவர்கள் அவர்களை ஏழையாக்கிவிடக் கூடாது என்பது அதன் பொருள்.

2000-ஆம் ஆண்டில் இந்த வேலைக்காகவே மத்திய அரசின் உதவியோடு தேசியப் புத்தாக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. இவர்கள் மன்சுக்பாய்க்கு உதவினார்கள். பெட்டியைச் சோதித்துச் செம்மைப்படுத்த உதவி கிடைத்தது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவும் உதவி கிடைத்தது. காப்புரிமை என்பது என்ன? ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை அரசிடம் பதிவு செய்யலாம். பதிவு கிடைத்த பிறகு, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அவர் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் அதைச் செய்து விற்கக் கூடாது.

2005-ல் பெட்டி முழுமையாக வந்தது. 'மிட்டிகூல்' என்று அதற்குப் பெயர் வைத்தார். மிட்டி என்றால் இந்தியில் மண். கூல் என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பார்ப்பதற்கு அது செம்மண் நிறத்தில் ஒரு சிறு அலமாரிபோல இருக்கும். இரண்டு பகுதி. மேல்பகுதி தண்ணீர்த் தொட்டி. சுமார் 20 லிட்டர் பிடிக்கும். முன்பக்கம் குழாய் இருக்கும். அதைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம். கீழ்ப்பகுதியில் தட்டும் கதவும் உண்டு. அங்கே காய்கறி, பழம், பால் வைக்கலாம்.

மேல் தொட்டித் தண்ணீர் பக்கச் சுவர்கள் வழியாக மெல்ல இறங்கும். சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். வெளியே ஈரம் ஆவியாகும். உள்ளே குளிரும். அறையின் சூட்டைவிட ஏழெட்டு டிகிரி வரை குறைவாக இருக்கும். காய்கறிகள் நாலைந்து நாள் வாடாமல் இருக்கும். பால் ஒரு நாள் கெடாது.

மின்சாரக் கட்டணம் இல்லை. கெட்டுப்போக மோட்டார் இல்லை. ஆரம்பத்தில் 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் விற்றார்கள். மின்சார ஃபிரிட்ஜின் விலையில் அது ஒரு சிறு பங்கு.

அதனால் செய்ய முடியாததையும் சொல்லிவிட வேண்டும். இதில் ஐஸ் உறையாது. மீனும் கறியும் இதில் வைக்கக் கூடாது. அவற்றுக்கு இந்தக் குளிர்ச்சி போதாது. சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின் போன்ற மருந்துகளை வைப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். மண் என்பதால் கீழே விழுந்தால் உடையும். லாரியில் ஏற்றி அனுப்புவது சிரமம்.

இன்னொரு முக்கியமான விஷயம் காற்று. வாங்கானேரில் காற்று உலர்ந்தது. அதனால் ஈரத்தை வேகமாகக் குடிக்கும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். அது மேலும் ஈரத்தை எளிதில் ஏற்காது. ஆகவே அங்கே மண் ஃபிரிட்ஜ் குறைவாகத்தான் குளிரும். அடைமழைக் காலத்தில் எந்த ஊரிலும் அப்படித்தான். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கொடியில் போட்ட துணியைப் பாருங்கள். துணி சீக்கிரம் காயும் நாளில் பானை நன்றாகக் குளிரும். துணி காயாமல் வாடை வீசும் நாளில் பானையும் குளிராது.

மன்சுக்பாய் அதோடும் நிற்கவில்லை. ஒட்டாத பூச்சுப் பூசிய மண் தவா செய்தார். மண்ணிலேயே குக்கர் செய்தார். தண்ணீர் பாட்டில் செய்தார். வெளிநாடுகளுக்கும் பொருள்கள் போயின. ஒரு காலத்தில் வட்டிக்குப் பணம் வாங்கியவரின் பட்டறையில் பலருக்கு வேலை கிடைத்தது.

கடலுக்கு அப்பால் ஓர் ஆசிரியர்

இதே யோசனை இன்னொரு நாட்டிலும் ஒருவருக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் நைஜீரியா என்ற நாடு. அதன் வடபகுதி வறண்டது, சூடானது. அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். பெயர் முகமது பா அப்பா. 'அப்பா' என்பது அவருடைய பெயரின் ஒரு பகுதி. அவரும் மண்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர்.

அவர் செய்தது இன்னும் எளியது. பெரிய பானைக்குள் சிறிய பானை. இரண்டுக்கும் நடுவில் மணல். மணலில் தண்ணீர். மேலே ஈரத்துணி. 1990-களின் நடுவில் இதைச் செய்து ஊர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். செய்து கொடுக்க, வேலையில்லாத குயவர்களை அமர்த்தினார். மூன்று நாளில் கெட்டுப்போகும் கத்தரிக்காய் அந்தப் பானையில் 27 நாள் இருந்தது.

அங்கே காய்கறி கெட்டுவிடும் என்பதால் வீட்டுப் பெண்பிள்ளைகள் அன்றாடம் சந்தைக்குப் போய் விற்றுவர வேண்டும். பானை வந்த பிறகு அந்த அவசரம் குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக நேரம் கிடைத்தது. 2000-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது என்ற உலக அளவிலான பரிசு கிடைத்தது. 2010-ல் அவர் காலமானார்.

நீங்களும் செய்து பாருங்கள்

நைஜீரியாப் பானையை எந்த வீட்டிலும் செய்யலாம். வாய் அகன்ற பெரிய மண்பானை ஒன்று வேண்டும். அதற்குள் இறங்கும் சிறிய பானை ஒன்று வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் மூன்று விரல் அளவு இடைவெளி இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பானையோ, பளபளப்பான பூச்சுப் பூசிய பானையோ உதவாது. துளைகள் அடைபட்டிருக்கும்.

பெரிய பானையின் அடியில் மணல் போடுங்கள். இரண்டு பானைகளின் வாயும் ஒரே உயரத்துக்கு வரும்படி சிறிய பானையை அதன்மேல் வையுங்கள். சுற்றிலும் மணலை நிரப்புங்கள். ஆற்று மணல் நல்லது. கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு துளைகளை அடைக்கும். மணல் நனையும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். காய்கறியைச் சிறிய பானைக்குள் வைத்து, ஈரச் சாக்கு அல்லது துணியால் மூடுங்கள். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் விடுங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். வெயில் படக் கூடாது. காற்று வர வேண்டும். சுவரோடு ஒட்டி மூலையில் வைத்தால் பயன் இல்லை. நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் அடிப்பக்கத்திலும் காற்றுப் படும்.

குளிர்கிறதா என்பதை ஊகத்தில் சொல்ல வேண்டாம். ஒரே கடையில் ஒரே நாளில் கால் கிலோ தக்காளி இரண்டு பங்கு வாங்குங்கள். ஒரு பங்கைப் பானையில் வையுங்கள். மறு பங்கை வெளியே கூடையில் வையுங்கள். தேதியை ஒரு தாளில் எழுதிவையுங்கள். எந்தத் தக்காளி எந்த நாளில் வாடியது, எந்த நாளில் அழுகியது என்று தினமும் எழுதுங்கள். எழுதத் தெரிந்த கைக்கு இது நல்ல வேலை.

சில மாதங்களில் பானையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். தண்ணீரில் உள்ள உப்புதான் அது. அதை அப்படியே விட்டால் குளிர்ச்சி குறையும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மறுபடி பயன்படுத்துங்கள்.

கூடிப் பேச

உங்கள் ஊரில் எந்த மாதங்களில் துணி மிக வேகமாகக் காய்கிறது? அந்த மாதங்களில் உங்கள் வீட்டில் எந்தப் பொருள் அதிகம் கெட்டு வீணாகிறது? ஒரு வாரத்தில் அப்படி வீணாவது எத்தனை ரூபாய் என்று கணக்கிட முடியுமா? உங்கள் தெருவில் சைக்கிள் கடையிலோ, பம்புசெட் பட்டறையிலோ, தறியிலோ, அடுப்படியிலோ ஒரு வேலைக்கான கருவியை வேறு வேலைக்கு மாற்றிப் பயன்படுத்துபவர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் போய், அது எப்படித் தோன்றியது என்று கேட்டு எழுதி வாருங்கள்.